பண்ணைக்குப் போகும் பெட்டிகள்

லுட்ஸா
டிசம்பர் 16, 2024

டொனாட் அண்ணா,

நீ கைபேசியை எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் காகிதம். மின்கட்டண அறிவிப்பைக்கூட இரண்டு பக்கமும் படிக்கிற ஆள் நீ. இதையும் படிப்பாய்.

வெள்ளிக்கிழமை என் பெயர் நாள், காலண்டரில் லூசியா என்று போட்டிருக்கும் நாள். அழைக்கவில்லை என்று நீ சொல்ல முடியாது. பெயர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, நினைவிருப்பவர்கள் வருவார்கள், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் நீ வராத பெயர் நாள் எனக்கு நினைவில்லை. இந்தத் தடவை கேக்கோடு அண்ணி மட்டும் வந்தாள். நீ எங்கே என்று கேட்டேன்.

"கேட்டுக்கு வெளியில வண்டியில உக்காந்திருக்காரு. இறங்க மாட்டேங்கறாரு லூசி. ஹீட்டரைப் போட்டுக்கிட்டு ரேடியோ கேக்கறாரு" என்றாள்.

ஜன்னலில் போய் நின்றேன். உன் வண்டியின் புகை பனியில் வெள்ளையாக எழுந்துகொண்டிருந்தது. நான் வெளியே வந்து கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீ கிளம்பிப் போய்விடுவாய் என்று தோன்றியது. நீ அங்கே இருப்பதாவது இருக்கட்டும் என்று திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்ன நடந்தது என்பதை யார் யாரோ உன்னிடம் சொல்லியிருப்பார்கள். நான் என் வாயால் சொல்லவில்லை. அதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை டெரெகோவா எல்லைச் சுங்கச் சாவடியில் எனக்குப் பகல் பணி. வரிசையில் உன் டிரெய்லர் வந்தது. கிர்கிஸ் நாட்டில் ஒரு பால் பண்ணைக்கு, பால் கறக்கும் இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். ரஷ்யா வழியாகப் போகிறது, ரஷ்யாவில் இறங்காது. காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஏற்றிச் செல்பவர் என்ற இடத்தில் உன் பெயரைப் பார்த்தேன். சொந்தக்காரர் வண்டி என்றால் நாங்கள் விலகிக்கொள்ள வேண்டும், சட்டம் அது. எழுந்து போய் எங்கள் பணிமுறைத் தலைவர் குன்டார்ஸிடம் சொன்னேன்.

"இது என் அண்ணன் வண்டி. நான் விலகிக்கறேன். ஆனா பெட்டியைத் திறந்து பாக்காம அனுப்பிடாதீங்க."

இவ்வளவுதான் சொன்னேன். பிறகு பக்கத்துப் பாதைக்கு மாறி, உருளைக்கிழங்கு விதை ஏற்றிய வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் டிரைவர் விட்டாலி தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையைத் திருப்பவில்லை.

கோபமாக இருந்தாலும் எழுது. வண்டிக்குள் உட்கார்ந்திருக்காதே.

லூசியா


ரேசெக்னே
டிசம்பர் 29, 2024

லூசி,

வண்டிக்குள் ஏன் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்கிறாய். இறங்கத்தான் வந்தேன். கேக்கைக் கையில் வைத்திருந்தது நான்தான். கேட் வரை வந்தபோது உன் ஜன்னலில் விளக்கு எரிந்தது. மேசையைச் சுற்றி யார் யார் என்று நன்றாகத் தெரிந்தது. என் டிரெய்லரை நிறுத்திய குன்டார்ஸ், என் அப்பா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, புகைபோட்ட மீனைத் தின்றுகொண்டிருந்தான். கேக்கை அனெலே கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவன் எழுந்து போனால் வரலாம் என்று இருந்தேன். உன் மீன் நன்றாக இருந்திருக்கும் போல, அவன் எழுந்திருக்கவேயில்லை.

இப்போது வேலையைப் பேசுவோம்.

விலக வேண்டியது சட்டம் என்கிறாய். சரி. விலகு. விலகுகிறவள் வாயை மூடிக்கொண்டு விலக வேண்டாமா? நீ ஒன்றும் சொல்லாமல் எழுந்து போயிருந்தால் குன்டார்ஸ் முத்திரை குத்தியிருப்பான். காகிதம் சரி என்று நீயே எழுதுகிறாய். இதற்கு முன் போன இரண்டு டிரெய்லரையும் உங்கள் ஆட்களே அனுப்பினார்கள். மூன்றாவதற்கு மட்டும் என் தங்கை வாயைத் திறந்தாள். மற்றவன் வண்டியாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாயா, அல்லது அண்ணன் வண்டியை விட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயமா? யோசித்துப் பார். யோசிப்பதில் நீ கெட்டிக்காரி.

ரஷ்யா மேல் தடை போட்டபோது நான் முணுமுணுக்கவில்லை. மரம் நின்றது, சரி என்றேன். உரம் நின்றது, சரி என்றேன். இரண்டு லாரிகளை விற்றேன். அவர்கள் அங்கே வீடுகளின் மேல் குண்டு போடும்போது நான் அவர்களின் மரத்தை ஏற்றி வந்து பிழைக்க வேண்டாம் என்று அனெலேயிடம் நானே சொன்னேன், கேட்டுப் பார். ஆனால் கிர்கிஸ் நாட்டு மாட்டின் மேல் யார் தடை போட்டது? பெரிய கப்பலில் எரிவாயு வருகிறது, ரயில் ரயிலாகத் தானியம் போகிறது, அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்கள். கடலை விட்டுவிட்டு என் கிணற்றுக்கு மூடி போடுகிறீர்கள்.

விட்டாலி அலுவலகத்துக்குள் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "முதலாளி, உங்க தங்கச்சி நம்ம டிரெய்லரை நிறுத்திட்டாங்க. மாஸ்கோ இன்னிக்குப் பட்டினிதான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனுக்கு அடுத்த மாதச் சம்பளத்தை எங்கிருந்து கொடுப்பது என்று எனக்குத் தெரியாது.

சரக்குக்குச் சொந்தக்காரரான ரீகா நிறுவனத்தின் ரைவிஸ் வந்திருந்தான். ஒரு வழி இருக்கிறதாம். சரக்கு அந்தப் பண்ணையைத் தவிர வேறெங்கும் போகாது என்று ஏற்றிச் செல்பவனாக நான் உத்தரவாதம் எழுதிக் கொடுத்தால், உங்கள் ஆட்கள் மறுபடியும் பரிசீலிப்பார்களாம். ஜனவரி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடப் போகிறேன். குளிர்காலம் முழுக்க அவன் வேலை தருவான். இல்லையென்றால் கம்பெனியை மூட வேண்டியதுதான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்கும் ஏதாவது ஒரு வாக்கியம் சொல்லிவிடாதே.

டொனாட்


லுட்ஸா
ஜனவரி 8, 2025

அண்ணா,

நீ கேட்டதைப் பல நாள் யோசித்தேன். மற்றவன் வண்டியாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நானே திறந்திருப்பேன். உன் வண்டி என்பதால் என் கைகளைக் கட்டிவிட்டார்கள். வாய்தான் மிச்சம் இருந்தது.

ஏன் திறக்கத் தோன்றியது என்று எழுதுகிறேன். உனக்கு அலுவலகம் அனுப்பிய பதிலில் இல்லாத எதையும் இதில் எழுதவில்லை. அது அரசாங்க மொழியில் இருந்திருக்கும், நான் நம் மொழியில் எழுதுகிறேன்.

அம்மா வேலை பார்த்த கூட்டுப் பண்ணையின் தொழுவத்தில்தான் நாம் இரண்டு பேரும் வளர்ந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இயந்திரம் கழுவுவது நம் வேலை. ஒரு பால் பண்ணையில் எது முதலில் போகும்? மாட்டின் காம்பில் மாட்டுகிற ரப்பர். அடுத்தது குழாய். பிறகு பம்பின் வாய். அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி சுவரில் மாட்டியபடி மாடுகளைவிட அதிக நாள் உயிரோடு இருக்கும். உன் டிரெய்லரில் ரப்பர் ஒன்று இல்லை. குழாய் ஒரு முழம் இல்லை. பெட்டிகள் மட்டும், கூரை வரை. அத்தனை பெட்டிக்கும் வேலை கொடுக்க அந்த நாட்டு மாடுகள் எல்லாம் ஒரே தொழுவத்தில் வந்து நிற்க வேண்டும். நான் பார்த்த அதே பட்டியலை நீயும் பார்த்திருக்கிறாய். ரப்பர் மாற்றி மாற்றி விரல் வீங்கியது உனக்குத்தான், எனக்கில்லை.

இன்னொன்று. உன் ஆட்கள் டிரெய்லரைப் பண்ணை வரை கொண்டுபோவதில்லை. எல்லை தாண்டி, பிஸ்கோவ் பக்கத்தில் உள்ள மாற்று முற்றத்தில் கழற்றி விடுகிறார்கள். ரஷ்ய வண்டி வந்து மாட்டிக்கொண்டு போகிறது. பிறகு காலி டிரெய்லர் அதே முற்றத்துக்குத் திரும்பி வருகிறது. மற்ற எல்லோருக்கும் அப்படித்தான், தெரியும். ஆனால் முந்தைய இரண்டும் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தன. பாதி ஆசியாவைக் கடந்து, குளிர்காலத்தில், மலைப் பாதையில், ஒரு வாரத்தில் போய்விட்டு வர முடியுமா? அதை லாரிக்காரனுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

இலையுதிர் காலத்தில் எங்களை ரீகாவுக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை. அதன் மேல் ஒரு துணி விரித்து, கருகிப்போன ஒரு மின்னணுப் பலகையை வைத்திருந்தார்கள். உக்ரைனில் ஒரு வீட்டின் மேல் வந்து விழுந்த ரஷ்ய ஏவுகணையிலிருந்து எடுத்தது. கையில் எடுத்துப் பாருங்கள் என்றார்கள். உள்ளங்கை அளவுதான். ஒரு மூலையில் எழுத்து இன்னும் படிக்கும்படி இருந்தது. துணி துவைக்கும் இயந்திரத்திலோ, ரொட்டி சுடும் அடுப்பிலோ இருக்கக்கூடிய சாதாரணப் பொருள். அதைக் கீழே வைத்த பிறகும் விரலில் புகை வாசம் இருந்தது. மதியச் சாப்பாட்டில் ரொட்டியைக் கையால் பிய்க்காமல் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டேன்.

கப்பலைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் நீ எழுதியது உண்மை. எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் என்னைக் கப்பல் முன்னால் நிறுத்தவில்லை. டெரெகோவாவில் நிறுத்தியிருக்கிறார்கள். கடலில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக என் பங்குச் சுவரை நான் இடிக்க முடியாது. இங்கே யாரும் எனக்குக் கைதட்டவில்லை. கடையில் பள்ளித் தோழி ஜினா என்னைப் பார்த்தால் மாவு அடுக்கு பக்கம் போய்விடுகிறாள். அவள் அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், அக்காவுக்குப் பை நிறைய மருந்து கொண்டுபோன ஜினாவை நாங்கள் நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மருந்தைக் கொடுத்து அனுப்பினோம், ஆனால் பார்த்தோம். அது போதும் அவள் வெறுக்க.

உத்தரவாதத்தைப் பற்றி நான் எங்கும் எதுவும் சொல்ல மாட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தப் பண்ணையை நீ பார்த்ததில்லை. பார்க்காத இடத்துக்கு உன் பெயரை எழுதிக் கொடுக்காதே. போய்ப் பார். கண்ணால் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடு.

அப்பா நாற்காலியில் குன்டார்ஸ் உட்கார்ந்தது எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது.

லூசியா


ரேசெக்னே
ஜனவரி 17, 2025

லூசி,

நல்லது. போகிறேன்.

அனெலேயிடம் சொன்னேன். "மாடு பாக்க ஆசியாவுக்குப் போறீங்களா? இங்க நம்ம தெருக்கோடியிலேயே நாலு நிக்குது" என்றாள். ரைவிஸிடம் சொன்னபோது, "என்னத்துக்குங்க அலைச்சல், நான் படம் அனுப்பறேன்" என்றான். எதன் படம் என்று கேட்டேன். மாட்டின் படம்தான் என்றான். மாட்டின் படம் என்னிடமே இருக்கிறது என்றேன்.

ஒரு வாரத்தில் போய்வர முடியாது என்பது எனக்கும் தெரியும். இரண்டு டிரைவர் மாறி மாறி ஓட்டுகிறார்கள் என்று ரைவிஸ் சொன்னான். நான் மேலே கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு, அதற்கு ஐந்து குடும்பங்களின் பெயர் இருக்கிறது. நீ சம்பளம் வாங்குகிறவள். நான் சம்பளம் கொடுக்கிறவன். இதை நீ எந்தப் பயிற்சியிலும் கையில் எடுத்துப் பார்க்க முடியாது.

இஸ்தான்புல் வழியாக 25ஆம் தேதி கிளம்புகிறேன். முகவரி கையில் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு மாடு இருந்தாலும் கையெழுத்துப் போடுவேன். நீ ரேசெக்னேக்கு வந்து, என் முற்றத்தில், விட்டாலி முன்னால், "தப்பு என்னுடையது" என்று சொல்ல வேண்டும். சீருடையில் வர வேண்டும். சம்மதமா?

அந்தப் பண்ணை வெண்ணெய் உனக்கு ஒரு கட்டி கொண்டுவருகிறேன். எல்லையில் அறிவித்துவிட்டே கொண்டுவருகிறேன், பயப்படாதே.

டொனாட்


லுட்ஸா
ஜனவரி 21, 2025

அண்ணா,

சம்மதம். சீருடையிலேயே வருகிறேன்.

கடிதத்தை மூடப் போனவள் மறுபடி உட்கார்ந்தேன். ஒன்றைச் சொல்லாமல் உன்னை அனுப்ப மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. மாடுகள் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பெரிய தொழுவம், சூடான சாணி வாசம், சுவர் நெடுகப் பெட்டிகள், ரப்பரை வேறு யாரோ வேறு வண்டியில் அனுப்பியிருக்கிறார்கள், ஒரு பைத்தியக்காரப் பண்ணைக்காரன் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்திருக்கிறான். அப்படி இருந்துவிட்டால் நான் முட்டாளாகிவிடுவேன். ஆகிவிட்டுப் போகிறேன். உன் முற்றத்தில் நின்று எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சொல்கிறேன்.

ஆனால் இதுவும் எழுத வேண்டும். வேண்டிக்கொண்ட அதே வாயால், மறுநாள் காலை அதே மாதிரி ஒரு டிரெய்லரைத் திறக்கச் சொன்னேன். உன்னுடையதைத் திறக்கச் சொன்னதற்காக இதுவரை ஒரு நாளும் வருந்தவில்லை. உன்னோடு பேச முடியாததற்குத்தான் வருந்துகிறேன். இரண்டும் வேறு வேறு என்று உனக்குப் புரிய வேண்டும்.

கம்பளிக் காலுறை எடுத்துக்கொள். அங்கே இங்கேயைவிடக் குளிர் என்று அண்ணி சொல்கிறாள், எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

லூசியா


பிஷ்கெக்
ஜனவரி 28, 2025

லூசி,

இந்த ஊரில் மலை தெருவின் கோடியில் நிற்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கிறது. தட்டையான ஊரில் பிறந்தவனுக்கு இது கழுத்து வலி.

முகவரியை டாக்சிக்காரனிடம் காட்டினேன். பண்ணை என்றால் ஊருக்கு வெளியேதானே போக வேண்டும். அவன் ஊருக்குள்ளேயே இரண்டு திருப்பம் திரும்பி ஒரு அடுக்கு மாடிக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினான். இல்லை, பால் பண்ணை என்றேன். இந்த எண்தான் என்றான். கீழ்த்தளத்தில் ஒரு கடை. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வெளேர் என்று கல்யாண உடுப்புகள். வாடகைக்கு விடுகிற கடை.

உள்ளே போனேன். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி உதட்டில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு பாவாடையின் ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். ரஷ்ய மொழியில்தான் பேசினோம். இங்கே பால் பண்ணை எங்கே அம்மா இருக்கிறது என்று கேட்டேன். ஊசியை எடுத்துவிட்டு, பால் வேண்டுமென்றால் எதிரில் கடை இருக்கிறது என்றாள். பண்ணையின் பெயரைச் சொன்னேன். உடனே எழுந்து நாற்காலி போட்டாள்.

"நீங்க எந்த நாடு அண்ணே?"

"லாத்வியா."

"போன மாசம் போலந்திலேர்ந்து ஒருத்தர் போன்ல கேட்டாரு. நேர்ல வந்தது நீங்கதான் மொதல் ஆளு. உக்காருங்க, டீ குடிங்க. பண்ணைன்னு பேரு பின்பக்க ஜன்னல்ல ஒட்டியிருக்கு. ஒரு பையன் வந்து ஒட்டிட்டுப் போனான். கடை வாடகையில பாதி அவன் குடுக்கறான். தபால் வந்தா வாங்கி வெக்கணும், அவ்வளவுதான் வேலை. மாட்டுக்கு எங்க போறது? எங்கிட்ட வர்றதெல்லாம் மணப்பொண்ணுங்க."

டீயும் ஒரு வட்ட ரொட்டியும் வைத்தாள். அந்தப் பையனின் எண்ணைக் கொடுத்தாள், அணைத்து வைத்திருந்தான். பிறகு அவளாகவே, நான் கேட்காமலே, ஊசி டப்பா இருந்த இழுப்பறையைத் திறந்து ஒரு முத்திரைக் கட்டையை எடுத்துக் காட்டினாள். பண்ணையின் முத்திரை. பையன் காகிதம் கொண்டுவருவான், அவள் குத்துவாள், அவன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வான். லாத்வியக் காகிதம் வந்ததா என்று கேட்டேன். மேலே ஒரு பறவைப் படம் இருக்குமே, அதுவா என்றாள். என் கம்பெனியின் நாரை, லூசி. அனெலே வரைந்தது. ரெண்டு தடவை குத்தினேன் என்றாள்.

சரக்கு வந்து சேர்ந்தது என்று எனக்கு வந்த ரசீதும் படமாகத்தான் வந்தது.

கிளம்பும்போது கேட்டாள்: "எனக்கு ஏதாச்சும் ஆகுமா அண்ணே?" டீக்கு நன்றி சொன்னேன்.

உனக்கு இனி நான் என்ன எழுத வேண்டும் என்று தெரியும். நீ சொன்னது சரி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். முற்றத்தில் நின்று சொல்ல வேண்டியவள் நீ இல்லை.

இன்னும் இருக்கிறது. உத்தரவாதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், அது முடிந்த கதை. ஊருக்கு வந்து ரைவிஸிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. நிறுத்திய டிரெய்லர் நிற்கும். முதல் இரண்டும் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தன என்று காகிதம் இருக்கிறது. எனக்கு வெறும் நஷ்டத்தோடு போகும். ஓட்டல் அறையில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்தேன்.

நீ மேசையில் எடுத்துப் பார்த்ததாக எழுதினாயே, அது என் டிரெய்லரிலிருந்து போனதாக இருக்குமா என்று கணக்குப் போட்டேன். இருக்க முடியாது. உன் பயிற்சி முதலில், என் முதல் டிரெய்லர் அதற்குப் பிறகு. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்குப் பிறகு தூக்கம் வரவில்லை. என்னுடையது இன்னும் யார் மேசைக்கும் வரவில்லை, அவ்வளவுதானே. எந்த ஊரில், யார் வீட்டில் போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஏற்றி அனுப்பிய பெட்டிகள். முதல் தடவை ஏற்றும்போது நானே நின்று பார்த்தேன். ரப்பர் இல்லையே என்று தோன்றியது. தோன்றியது, லூசி. விட்டாலியிடம் சொல்லக்கூடச் சொன்னேன், அவன் சிரித்தான்: "மாடுங்க இப்பல்லாம் கம்ப்யூட்டர்லதான் கறக்குதுங்க முதலாளி." நானும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். விட்டாலி மேல் ஒன்றுமில்லை. அவன் ஓட்டச் சொன்ன இடத்துக்கு ஓட்டினான். இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

இரண்டு டிரெய்லர்கள், அவற்றின் காகிதங்கள், ரைவிஸ் பேசியது, பிஸ்கோவ் முற்றத்தில் யார் வந்து மாட்டிக்கொண்டு போனது, எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறது. அந்தப் பெண்மணியின் பெயரை எதிலும் எழுதவில்லை, தாளில் கடையின் பெயரை மட்டும் எழுதினேன். தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

ரீகாவுக்குப் போகிற ஒருவரை ஓட்டலில் பார்த்தேன், அவரிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்கிறேன். கைபேசியில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது சொல்வாய், நான் கத்துவேன்.

திரும்பும் டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. அறைக்குப் பிப்ரவரி பாதி வரை கொடுத்திருக்கிறேன். இங்கே லாரிக்காரனுக்கு வேலை கிடைக்கும் என்று டாக்சிக்காரன் சொல்கிறான்.

டொனாட்


லுட்ஸா
பிப்ரவரி 6, 2025

டொனாட் அண்ணா,

உன் கடிதம் பிரிக்கப்பட்டே என் கைக்கு வந்தது.

உறையில் நீ என் வீட்டு முகவரியை எழுதவில்லை. என் பெயர், அதன் கீழ் சுங்க அலுவலகம். அங்கே வரும் எதையும் பதிவுப் பிரிவு பிரித்து, தேதி முத்திரை குத்தி, மேலே இருப்பவர் பார்த்த பிறகுதான் எங்களிடம் தருவார்கள். இதுவரை நீ எழுதிய எல்லாக் கடிதமும் வீட்டுக்குத்தான் வந்தன. தவறுதலாக எழுதியிருப்பாயோ என்று ஒரு கணம் நினைத்தேன். மின்கட்டண அறிவிப்பை இரண்டு பக்கமும் படிக்கிறவன் முகவரியைத் தவறாக எழுத மாட்டான்.

குன்டார்ஸ் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"உங்க அண்ணன் எழுதினது. நான் படிச்சுட்டேன், படிச்சுத்தான் ஆகணும். தனித் தாள் எல்லாம் ரீகாவுக்குப் போயிடுச்சு. இந்தக் கடிதம் உங்களோடது, இதோட ஒரு நகல் எங்ககிட்ட இருக்கு" என்றார். கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, "அன்னிக்கு வண்டியில இருந்தது அவர்தான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுந்து போயிருப்பேன்" என்றார்.

உன்மேல் எனக்கு வந்த முதல் கோபம் என்ன தெரியுமா? என்னைக் கேட்காமல் செய்துவிட்டாயே என்பது. கடிதம் வீட்டுக்கு வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அலுவலகத்தில் கொடுத்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உறையை அடுக்களை மேசையில் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் அதைச் சுற்றி நடந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கொடுத்த பிறகும் வாழ்நாள் முழுக்க நடந்திருப்பேன். அந்த நடையை நீ எனக்கு வைக்கவில்லை. கொடுத்தது நீ. நான் வெறும் முகவரி.

இங்கே நடப்பது: நிறுத்திய டிரெய்லரின் பெட்டிகளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வந்துவிட்டது. உள்ளே இருந்தவற்றுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. உன் லாரிகளுக்கு முத்திரை வைத்துவிட்டார்கள், முற்றத்திலேயே நிற்கின்றன. ரீகாவில் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனவர்கள் ரைவிஸைப் பார்க்கவில்லை, அவன் வக்கீலைத்தான் பார்த்தார்கள். விட்டாலியைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். நீ எழுதி வைத்தது அவனைக் காப்பாற்றியது. அண்ணியிடம் போனேன். அழவில்லை. உன் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வர்றப்ப நல்ல சட்டை வேணுமில்ல" என்றாள். இந்தக் கடிதத்தையும் அவள்தான் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறாள்.

உனக்கு என்ன ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தானாக வந்து சொன்னவனுக்கும் தேடிப் பிடிக்கப்பட்டவனுக்கும் வித்தியாசம் பார்ப்பார்கள் என்று குன்டார்ஸ் நினைக்கிறார். நினைக்கிறார், அவ்வளவுதான். சிறைக்குப் போக வேண்டிவரலாம். கம்பெனி பிழைக்காது. அதை மறைத்து உன்னை வரச் சொல்ல மாட்டேன்.

நாளைக்கே வேறொரு பெயரில், வேறொரு பண்ணைக்கு, இதே பெட்டிகள் வேறொருவன் டிரெய்லரில் வரும். தெரியும். திங்கட்கிழமை தையல் இயந்திரம் என்று ஒன்று வந்தது. எல்லாவற்றையும் இறக்கித் திறந்தோம். தையல் இயந்திரம்தான். டிரைவர் எங்களைத் திட்டிக்கொண்டே ஏற்றினான், நாங்களும் கூடப் பிடித்தோம். அடுத்ததையும் திறப்போம். எவ்வளவு காலம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர்கள் நிறுத்தும் வரை, அதற்கு மேல் ஒரு நாள்.

அங்கே லாரிக்காரனுக்கு வேலை கிடைக்கும் என்று எழுதியிருக்கிறாய். கிடைக்கும். நீ எதையும் நன்றாக ஓட்டுவாய். ஆனால் அந்த வாக்கியத்தை எழுதியவனும் இந்த முகவரியை எழுதியவனும் ஒரே ஆள் இல்லை. எனக்கு இரண்டாவது ஆளைத்தான் தெரியும்.

எந்த விமானம் என்று சொல். ரீகாவில் உனக்காகக் காத்திருப்பவர்கள் சீருடையில் இருப்பார்கள், அதற்குத் தயாராக வா. அவர்களுக்குப் பக்கத்தில் சாதாரணக் கோட்டில் நான் நிற்பேன். அன்றைக்கு விடுப்பு வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். காரணம் கேட்டார்கள். அண்ணன் ஊருக்கு வருகிறான் என்றேன்.

லூசியா